பழனி மலையில முதல் சைக்கிள் டூர்: தெற்குப் பக்கம் ஏறி வடக்குப் பக்கம் இறங்குறது எப்படி

மலை ரோட்டுல சைக்கிள் மிதிக்கணும்னு ஆசை இருக்கு, ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னு நிறைய பேர் கேக்குறாங்க. பெரும்பாலும் எல்லாருக்கும் மனசுல முதல்ல வர்றது ஊட்டிதான். தப்பில்ல, ஆனா முதல் தடவைக்கு நான் சொல்றது பழனி மலை, முருகன் கோயில் இருக்குற குன்று இல்ல, கொடைக்கானல் இருக்குற மலைத்தொடர். காரணம் ரொம்ப சிம்பிள். வத்தலக்குண்டு பக்கத்துல இருந்து கொடைக்கானல் ஏறுற காட் ரோடு நீளமா இருக்கு, ஆனா ஏத்தம் நிதானமா இருக்கும். சுமார் 320 மீட்டர் உயரத்துல இருந்து 2,100 மீட்டருக்கு மேல போறீங்க, அந்த 1,800 மீட்டரும் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர்ல பிரிஞ்சு வருது, அதனால சராசரியா 100 மீட்டருக்கு 4 மீட்டர்தான் ஏத்தம். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறுனா 30 சொச்சம் கிலோமீட்டர்லயே 1,500 மீட்டர் ஏறியாகணும், அங்க கால் சீக்கிரம் விட்டுப்போயிடும்.

இன்னொரு காரணமும் இருக்கு, எனக்குப் பிடிச்சது அதுதான். இந்த மலைய தெற்குல ஏறி வடக்குல இறங்கலாம். ஏறும்போது நீங்க பாக்குற மஞ்சளாறு தண்ணி வைகைக்குப் போகுது. அந்தப் பக்கம் இறங்கும்போது பாக்குற வரதமாநதியும் பாலாறும் பொருந்தலாறும் சண்முகநதியாகி அமராவதில கலந்து கடைசில காவேரிக்குப் போகுது. ஒரே டூர்ல ரெண்டு ஆத்துப் பள்ளத்தாக்கையும் நடுவுல இருக்குற மலை முதுகையும் நம்ம கால் பலத்துல தாண்டுறோம். கார்ல போறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, சைக்கிள்ல போனா எந்த இடத்துல மேடு முடிஞ்சு எந்தப் பக்கம் சரியுதுன்னு கால் சொல்லிடும்.

எந்த மாசம் போறது

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முதல் பாதி, இதுதான் என் சாய்ஸ். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, காட் ரோட்டுல மண் சரியும், பாறை உருளும், மரம் விழும். ஏப்ரல் மே சீசன்ல மழை பிரச்சினை கம்மி, ஆனா வண்டி வண்டியா கூட்டம், வெள்ளி நீர்வீழ்ச்சி கிட்ட டிராஃபிக் நின்னுச்சுன்னா சைக்கிள் கூட நகர முடியாது, புகைய மட்டும் குடிச்சுக்கிட்டு நிக்கணும். மாசம் எதுவா இருந்தாலும் சனி ஞாயிறு மலை ஏறாதீங்க. திங்கக்கிழமை காலைல ஏற ஆரம்பிச்சா ரோடு உங்களுக்கே.

ஒண்ணு கவனிச்சுக்கங்க, தைப்பூசம் எப்பன்னு காலண்டர்ல பாத்துட்டு தேதி வைங்க. அந்த நேரத்துல திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி ரோடு பூரா பாதயாத்திரை பக்தர்கள் நடந்து போவாங்க, ராத்திரி பகல் பாக்காம. அவங்க நடக்குற ஓரத்துலதான் நாம மிதிக்கணும், அது அவங்களுக்கும் இடைஞ்சல் நமக்கும் ஆபத்து.

சைக்கிள்: விலையை விட பல்லு முக்கியம்

புதுசா வர்றவங்க முதல்ல கேக்குறது எத்தனை ஆயிரத்துக்கு சைக்கிள் வாங்கணும்னுதான். அதை விட முக்கியம், முன்னாடி இருக்குற செயின்வீல்ல ரொம்ப சின்னதுல எத்தனை பல்லு, பின்னாடி ஃப்ரீவீல்ல ரொம்ப பெருசுல எத்தனை பல்லு. முன்னாடி எண்ணிக்கை பின்னாடி எண்ணிக்கைய விட கம்மியா இருக்கணும், அவ்வளவுதான். உதாரணத்துக்கு முன்னாடி 28 பின்னாடி 34 இருந்தா, பெடல் ஒரு முழுச் சுத்து சுத்தும்போது சைக்கிள் சுமார் 1.7 மீட்டர் நகரும். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்துல ஏறுனாக்கூட நிமிஷத்துக்கு 65, 70 சுத்து லேசா மிதிக்கலாம். அதுவே முன்னாடி 42 பின்னாடி 28 மட்டும் இருக்குற சைக்கிள்னா ஒரு சுத்துக்கு 3 மீட்டருக்கு மேல போகும், அதே 7 கிலோமீட்டர் வேகத்துல நிமிஷத்துக்கு 40 சுத்து கூட வராது, ஒவ்வொரு மிதியும் முட்டில போய் இறங்கும். 5 மணி நேரம் அப்படி மிதிச்சா அடுத்த நாள் படி இறங்க முடியாது. மூணு செயின்வீல் இருக்குற சாதாரண ஹைப்ரிட் சைக்கிளோ பழைய மவுண்டன் பைக்கோ கையில இருந்தா அதுவே போதும், புதுசா வாங்கித்தான் ஆகணும்னு இல்ல.

டயர் 35ல இருந்து 40 எம்எம் அகலம் இருந்தா நல்லது, ரொம்ப ஒல்லி டயர் இறக்கத்துல குழில விழுந்தா ட்யூப் நசுங்கி ரெண்டு ஓட்டை போடும். பிரேக் டிஸ்க்கா இருந்தா நிம்மதி, ரிம்ம பிடிக்கிற பிரேக்கா இருந்தாலும் பரவால்ல, ஆனா பிரேக் கட்டை புதுசா இருக்கணும், ஒயர் பிரிஞ்சிருக்கக் கூடாது. கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே மெக்கானிக் கிட்ட குடுத்து செயின், பிரேக், வீல் கோட்டம் எல்லாம் பாத்துட்டு, அப்புறம் அதே சைக்கிள்ல ஒரு 50 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. முந்தின நாள் சர்வீஸ் விட்டு மறுநாள் மலை ஏறாதீங்க, புது ஒயர் நாலஞ்சு நாள் ஓட்டுனா கொஞ்சம் நீண்டு தொய்யும், அதை இறக்கத்துல கண்டுபிடிக்கக் கூடாது.

சாமான முதுகுல மாட்டாதீங்க. பின்னாடி கேரியர் போட்டு ரெண்டு பக்கமும் பை தொங்க விடுங்க, ரெயின் கவரோட கிடைக்குது, இல்லைன்னா உள்ள பெரிய பாலித்தீன் கவர் போட்டு அதுக்குள்ள துணி வைங்க. மொத்தம் 8, 10 கிலோவுக்கு மேல போனா எதையோ தேவையில்லாம தூக்குறீங்கன்னு அர்த்தம். ட்யூப் ரெண்டு, பஞ்சர் கிட், டயர் லீவர், கைப்பம்ப், ஆலன் கீ செட், ஒரு செட் பிரேக் கட்டை, செயின் அறுந்தா மாட்ட ஒரு லாக், முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி மினுக்குற சிவப்பு லைட், ஹெல்மெட். இதுல எதையும் குறைக்காதீங்க. துணில குறைங்க. ஆயிரம் மீட்டர் ஏறுனா சுமார் ஆறு டிகிரி குளிர் கூடும், அதனால கீழ 30 டிகிரி வெயில்ல கிளம்புற நாளே மேல 18ல போய் நிப்பீங்க, ராத்திரி இன்னும் இறங்கும். ஒரு ஸ்வெட்டர், காத்து புகாத ஒரு ஜெர்கின், முழு விரல் கையுறை, காதை மூடுற குல்லா, இவ்வளவு கட்டாயம் வேணும்.

பழக்கம்

சமதரையில 60 கிலோமீட்டர் அசராம ஓட்ட வந்துருச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது. மீதிக்கு ஏத்தம் வேணும். திண்டுக்கல் மதுரைக்காரங்களுக்கு சிறுமலை இருக்கு, 18 கொண்டை ஊசி வளைவு, அதை ஒரு தடவை ஏறி இறங்கிட்டா கொடைக்கானலுக்கு என்ன வேணும்னு உடம்புக்குப் புரிஞ்சிரும். சேலம் பக்கம்னா ஏற்காடு. கொல்லிமலை 70 வளைவு, அதைப் பழக்கத்துக்கு எடுக்காதீங்க, அது தனிப் பரீட்சை. மெட்ராஸ்ல இருக்கவங்களுக்கு மலை கிடையாது, ஈசிஆர்ல எதிர்காத்துல கனமான கியர் போடாம நிதானமா மூணு மணி நேரம் மிதிங்க, அதுவும் கிட்டத்தட்ட அதே வேலையத்தான் கேக்கும்.

வெளியூர்ல இருந்து ரயில்ல சைக்கிள் கொண்டு வர்றவங்க பார்சல் ஆபீஸ்ல புக் பண்ணலாம். சின்ன ஸ்டேஷன்ல வண்டி ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் நிக்கும், அங்க சாமான் இறக்க முடியாது, அதனால திண்டுக்கல் இல்ல மதுரைக்குப் போடுங்க. அட்டை சுத்தி, கண்ணாடி லைட் எல்லாம் கழட்டி, பேரும் போன் நம்பரும் ரெண்டு இடத்துல எழுதுங்க.

முதல் நாள்: திண்டுக்கல்லு டூ வத்தலக்குண்டு

செம்பட்டி வழியா சுமார் 40 கிலோமீட்டர், பெரிய ஏத்தம் இல்ல. இதை ஒரு நாளான்னு கேப்பீங்க, ஆமா ஒரு நாள்தான். சாமானோட சைக்கிள் எப்படி ஆடுது, எந்தப் பை உரசுது, சீட்டு உயரம் சரியா இருக்கா எல்லாத்தையும் இன்னைக்கே பாத்துக்கணும். மத்தியானத்துக்குள்ள வத்தலக்குண்டு போய் ரூம் போட்டு, நல்லா சாப்பிட்டு, கடைத்தெருவுல மலைவாழைப்பழமும் கடலைமிட்டாயும் வாங்கி வச்சுட்டு ஒன்பது மணிக்குள்ள தூங்கிடுங்க.

ரெண்டாம் நாள்: ஏத்தம்

விடியக்காலை வெளிச்சம் வர்ற நேரத்துக்கு கிளம்பிடணும். பெரியகுளம் போற ரோட்டுல கொஞ்ச தூரம் போனா காட்ரோடுங்கிற இடம் வரும், அங்க வலது பக்கம் திரும்புனா மலை ஆரம்பம். மேப்ல பெரியகுளத்துல இருந்து அடுக்கம் வழியா ஒரு குறுக்கு ரோடு காட்டும், தூரம் கம்மியா தெரியும். முதல் டூர்ல அந்தப் பக்கமே போகாதீங்க, ரோடு குறுகல், செங்குத்து, மழைக்கு மண்சரிவு வர்ற இடம்.

ஏத்தத்துக்கு ஒரே ஒரு விதி, பேசிக்கிட்டே மிதிக்கணும். பக்கத்துல வர்றவங்க கிட்ட ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காம பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தி. முதல் அரை மணி நேரம் கால் ஜோரா இருக்கும், அப்ப எல்லாரும் ஒரு கியர் மேல போட்டு விரட்டுவாங்க, மத்தியானம் அவங்கதான் பாலத்துக் கட்டைல உக்காந்திருப்பாங்க. லேசான கியர்ல ஆரம்பிங்க, லேசான கியர்லயே இருங்க. மணிக்கு 6, 7, 8 கிலோமீட்டர் எதுவா இருந்தாலும் சரி. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, பசிக்குதோ இல்லையோ ஒரு பழமோ கடலைமிட்டாயோ சாப்பிட்டுருங்க. பசிச்ச பிறகு சாப்பிட்டா அது காலுக்கு வந்து சேர நேரமாகும், அதுக்குள்ள கை நடுங்க ஆரம்பிச்சிரும். தண்ணில கொஞ்சம் உப்பு, எலுமிச்சை, சர்க்கரை போட்டுக்கங்க, இல்ல ஓஆர்எஸ் பாக்கெட். ப்ளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில கட்டுப்பாடு இருக்கு, அதனால ரெண்டு ஸ்டீல் பாட்டிலோ சைக்கிள் பாட்டிலோ வச்சுக்கிட்டு டீக்கடைல கேட்டு நிரப்பிக்கங்க, யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க, ஒரு டீயும் குடிச்சுட்டுக் கேக்குறது மரியாதை.

கொண்டை ஊசி வளைவுல ஒரு விஷயம். நாம இடது பக்கம் போறதால இடது வளைவுல நமக்குக் கிடைக்கிறது உள்பக்கம், அதுதான் ரொம்ப செங்குத்தா இருக்கும், வளைவுக்கு முன்னாடியே கியரை இறக்கிடுங்க. நடுவுல இறக்குனா செயின் மாட்டிக்கும். வலது வளைவு வெளிப்பக்கம், அகலம், ஏத்தம் கம்மி, அங்க மூச்சு விட்டுக்கலாம். மேல இருந்து பஸ்ஸோ லாரியோ இறங்குற சத்தம் கேட்டா வளைவுக்குள்ள நுழையாதீங்க, அவங்களுக்குத் திரும்ப முழு ரோடும் வேணும், ஓரமா காலை ஊனி நின்னு வழி விட்டுட்டுப் போங்க. ஹெட்போன் மாட்டிக்கிட்டு இந்த ரோட்டுல வரவே கூடாது.

டம்டம் பாறைல கட்டாயம் நில்லுங்க. எதிர்ல மலையில இருந்து தலையாறு அருவி விழும், எலிவால் அருவின்னும் சொல்வாங்க, 297 மீட்டர் உயரம், தமிழ்நாட்டுலயே பெரிய அருவி. அந்தத் தண்ணிதான் மஞ்சளாறு, கீழ மஞ்சளாறு அணை தெரியும். காலைல நீங்க மிதிச்ச சமவெளிய அங்க நின்னு பாத்தா எவ்வளவு ஏறியிருக்கோம்னு நம்பவே முடியாது. ஆனா குரங்கு ஜாஸ்தி, பைய ஜிப் போட்டு வைங்க.

அப்புறம் ஊத்துங்கிற ஊரைத் தாண்டி பெருமாள்மலை. என்னைக் கேட்டா அன்னைக்கு அங்கயே தங்கிடுங்க. பெருமாள்மலைல இருந்து கொடைக்கானல் இன்னும் ஒரு 12 கிலோமீட்டர்தான், ஆனா மத்தியானத்துக்கு மேல மஞ்சு இறங்குச்சுன்னா பத்தடி தள்ளி வர்ற வண்டி தெரியாது, களைச்ச உடம்போட அதுல போகத் தேவையில்ல. மறுநாள் காலைல வெள்ளி நீர்வீழ்ச்சி, செண்பகனூர் வழியா கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஏறிடலாம்.

மேல இருக்குற நாட்கள்

கொடைக்கானல் ஏரிய சுத்துறது எல்லாரும் பண்றது, பண்ணுங்க. 1863ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் உண்டாக்குன ஏரி அது. ஆனா சைக்கிளுக்குன்னு ஒரு நாள் ஒதுக்கி பூம்பாறை போங்க. போற வழி சோலையும் பைன் மரமுமா நிழலா இருக்கும், திடீர்னு ஒரு வளைவுல படிப்படியா வயல் வெட்டுன ஊர் மொத்தமா கண்ணுக்கு முன்னாடி வரும். மலைப்பூண்டு விளையுற ஊர், கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது. குழந்தை வேலப்பர் கோயில் பாத்துட்டு வாங்க. போகும்போது கடைசில இறக்கம், திரும்பும்போது அது பூரா ஏத்தம், அதனால பாதித் தெம்பு மிச்சம் வச்சுக்கிட்டுத் திரும்புங்க. இன்னும் தள்ளி மன்னவனூர் இருக்கு, அது ரொம்ப அழகு, ஆனா போக வர 70 கிலோமீட்டர் கிட்ட வரும், அங்கயே ராத்தங்க முடிஞ்சா போங்க.

மேப்ல பேரிஜம் வழியா மூணாறுக்கு ஒரு பழைய ரோடு தெரியும். அதுல போகலாம்னு கனவு காணாதீங்க, பல வருஷமா மூடிக் கிடக்கு, காடு. பேரிஜத்துக்கே வனத்துறை அனுமதி வேணும்.

காட்டுமாடு பத்தி சொல்லியே ஆகணும், இங்க ஊருக்குள்ளயே நடக்கும். ரோட்டுல நின்னா நீங்களும் நின்னுடுங்க, ஐம்பது அடியாவது தள்ளி. பெல் அடிக்காதீங்க, போட்டோ எடுக்க கிட்டப் போகாதீங்க, அது நகர்ற வரைக்கும் காத்திருங்க, இல்லைன்னா ஒரு பஸ்ஸு வர்ற வரைக்கும் நின்னு அதுக்குப் பின்னாடி ஒட்டிப் போங்க. இருட்டுன பிறகு மலை ரோட்டுல சைக்கிள் எடுக்கவே கூடாதுங்கிறதுக்கு இதுவே பெரிய காரணம்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு காலைல போங்க. வானம் தெளிவா இருந்தா ஒரு பக்கம் பழனி முருகன் மலையும் இன்னொரு பக்கம் வைகை அணையும் தெரியும். நீங்க வந்த பள்ளத்தாக்கும் போகப் போற பள்ளத்தாக்கும் ஒரே இடத்துல இருந்து.

இறக்கம்: இதுலதான் கவனம் வேணும்

ஏத்தத்துக்கு எல்லாரும் மாசக்கணக்குல தயாராகுறாங்க, இறக்கத்துக்கு யாரும் தயாராகுறதில்ல. ஏத்தத்துல தப்பு பண்ணா கால் வலிக்கும், இறக்கத்துல தப்பு பண்ணா எலும்பு உடையும். கொடைக்கானல்ல இருந்து பழனி 64 கிலோமீட்டர், பெருமாள்மலைல பிரிஞ்சு சவரிக்காடு வழியா இறங்குற ரோடு, வத்தலக்குண்டு ரோட்டை விட வண்டி கம்மி, அகலமும் கம்மி.

ஒரு கணக்கு சொல்றேன். ஆளு, சைக்கிள், சாமான் சேத்து 90 கிலோன்னு வைங்க. 1,800 மீட்டர் இறங்கும்போது வெளிய வர்ற சக்தி 4 லிட்டர் தண்ணிய கொதிக்க வைக்கப் போதும். அதுல ஒரு பங்கு காத்துல போகும், மீதி பூரா உங்க பிரேக்குலதான் சூடா இறங்குது. ரிம் பிரேக்க விடாம பிடிச்சுக்கிட்டே வந்தா ரிம் கொதிச்சு ட்யூப் வெடிக்கும், டிஸ்க்கா இருந்தா பிடி குறைஞ்சுக்கிட்டே வரும். அதனால விட்டு விட்டுப் பிடிங்க. நேர் ரோட்டுல கொஞ்சம் ஓட விட்டு, வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் சேத்து நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சு, பிரேக்க விட்டுட்டு வளைவுல திரும்பணும். வளைஞ்சுக்கிட்டிருக்கும்போது முன் பிரேக்க அழுத்துனா சக்கரம் வழுக்கிடும், அங்க மணலும் காஞ்ச இலையும் எப்பவும் கிடக்கும். திரும்பும்போது வெளிப்பக்கப் பெடல் கீழ இருக்கணும், உள்பக்கம் கீழ இருந்தா ரோட்டுல இடிக்கும். நாலஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி கைய உதறி பிரேக் ஆற விடுங்க. டிஸ்க்க தொட்டுப் பாக்காதீங்க, சுட்டுரும்.

சீட்டை அரை இஞ்ச் இறக்கிக்கிட்டா தைரியமா இருக்கும். வேகம் 25 தாண்ட விடாதீங்க. கீழ போறவங்க ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும், அது மலை ரோட்டுச் சட்டம். ஜெர்கின், கையுறை போட்டுக்கிட்டு ஆரம்பிங்க, ஏறும்போது வேர்த்த உடம்பு இறங்கும்போது மிதிக்காம காத்து வாங்குது, விரல் மரத்துப்போச்சுன்னா பிரேக் பிடிக்க முடியாது. ஒன்பது மணிக்கு மேல, பனி விலகி ரோடு காஞ்ச பிறகு கிளம்புங்க. அடிவாரத்துக் காட்டுல யானை நடமாட்டம் இருக்குங்கிறதால மாலை நாலு மணிக்குள்ள கீழ இருக்குற மாதிரி பாத்துக்கங்க, செக்போஸ்ட்ல கேட்டா எந்தப் பக்கம் நிக்குதுன்னு சொல்லுவாங்க.

கீழ இறங்குனதும் வரதமாநதி அணை வரும். அங்க நிறுத்தி ஜெர்கினக் கழட்டி, பிரேக் கட்டை எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாருங்க, கட்டைல தேய்மானம் காட்டுற கோடு அழிஞ்சிருந்தா பையில இருக்குற புதுசை அங்கயே மாட்டிடுங்க. அப்புறம் பழனி அடிவாரம், குளியல், சாமி, பஞ்சாமிர்தம். நாள் பூரா ஓட்டுன உடம்புக்கு வாழைப்பழமும் சர்க்கரையும் நெய்யும் சேந்த அது மாதிரி வேற ஒண்ணும் கிடையாது, ஒரு சின்ன டப்பா மறுநாள் வழிக்கும் வச்சுக்கங்க.

கடைசி நாள் பழனில இருந்து ஒட்டன்சத்திரம் வழியா திண்டுக்கல் சுமார் 60 கிலோமீட்டர். ஆயக்குடி கொய்யா ரோட்டோரத்துல கிடைக்கும். விருப்பாச்சி வழியில வருது, வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் குடுத்த கோபால் நாயக்கர் ஊர், மலைவாழைக்கும் அதே ஊர் பேருதான். மெயின் ரோடுங்கிறதால லாரி வேகமா வரும், வெள்ளைக் கோட்டுக்கு வெளியவே போங்க, பின்னாடி சிவப்பு லைட்டை பகல்லயும் எரிய விடுங்க. திண்டுக்கல்ல ரயிலேறுறவங்க ஸ்டேஷன் பார்சல் ஆபீசுக்கு வண்டி நேரத்துக்கு ரெண்டு மணி நேரமாவது முன்னாடி போயிருங்க, கேரியரையும் பெடலையும் கழட்டிக் கட்ட அவ்வளவு நேரம் ஆகும்.